கர்ரி ஃபேவர்: கறிக்குச் சம்பந்தமில்லாத ஒரு குதிரைக் கதை

தேர்தல் நெருங்கும்போது ஆங்கிலச் செய்தித்தாள்களில் ஒரு தொடர் அடிக்கடி தலைகாட்டும். அரசு வரியைக் குறைத்தால், ‘வாக்காளர்களிடம் கர்ரி ஃபேவர் செய்யப் பார்க்கிறது’ என்று எழுதுவார்கள். சின்ன நாடு ஒன்று பெரிய நாட்டின் தீர்மானத்தை ஆதரித்து ஓட்டுப் போட்டால் அதற்கும் இதே தொடர்தான். அலுவலகத்தில் மேலாளர் சொல்லும் ஜோக்குக்கெல்லாம் முதலில் சிரிப்பவரைப் பற்றியும் இதையே சொல்வார்கள். சி, யு, இரண்டு ஆர், ஒய் என்ற எழுத்துகளைப் பார்த்ததும் நமக்குக் குழம்புச் சட்டிதான் ஞாபகம் வரும். அங்கேதான் குழப்பம் ஆரம்பம். இந்தத் தொடருக்கும் சமையலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இது குதிரை லாயத்தில் பிறந்தது.

பொருளை முதலில் பார்த்துவிடுவோம். கர்ரி ஃபேவர் என்றால், அதிகாரமோ பணமோ செல்வாக்கோ உள்ள ஒருவரின் தயவைப் பெறுவதற்காக அவருக்குப் பிடித்த மாதிரி பேசுவது, நடப்பது, சின்னச் சின்ன வேலைகள் செய்து கொடுப்பது. காக்கா பிடிப்பது, ஐஸ் வைப்பது, சோப்புப் போடுவது, வால் பிடிப்பது என்று நாம் சொல்வதெல்லாம் இதன் பக்கத்தில் வரும். இலங்கைத் தமிழில் ‘பந்தம் பிடிக்கிறது’ என்பார்கள், அது இன்னும் நெருக்கம். ஜால்ரா போடுவது கொஞ்சம் தள்ளி நிற்கும், ஏனென்றால் ஜால்ரா வாயோடு முடிந்துவிடும். கர்ரி ஃபேவருக்குப் பேச்சே தேவையில்லை. மேலதிகாரியின் மகன் கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய்ப் பந்தியில் நின்று பரிமாறினாலும் கர்ரி ஃபேவர்தான்.

அந்தத் தொடருக்குள் எப்போதும் ஒரு குத்தல் உண்டு. பிறரைச் சந்தோஷப்படுத்துவதற்கு ஆங்கிலத்தில் ப்ளீஸ் என்ற வினை இருக்கிறது. அதில் நல்லது கெட்டது எதுவும் இல்லை. தாத்தாவைச் சந்தோஷப்படுத்தப் பேரன் பாட்டுப் பாடினால் அது ப்ளீஸ். அந்தப் பேரன் சைக்கிளைக் குறிவைத்துப் பாடுகிறான் என்று அத்தை சந்தேகப்பட்டால்தான் அது கர்ரி ஃபேவர் ஆகும். உள்நோக்கம் இருக்க வேண்டும், எதிரே இருப்பவர் கையில் கொடுப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சொல் பொருந்தாது.

நம் மாணவர்கள் கட்டுரையில் சறுக்குவது இந்த இடத்தில்தான். ‘நன்றாகப் படித்து ஆசிரியர்களிடம் கர்ரி ஃபேவர் செய்ய விரும்புகிறேன்’ என்று ஒரு மாணவி எழுதினால், அவள் நினைத்தது ஆசிரியர்களின் நல்லெண்ணத்தைப் பெற வேண்டும் என்பது. படிப்பவருக்குக் கேட்பதோ, ‘வாத்தியாரைக் காக்கா பிடிக்கப் போகிறேன்’ என்பது. வேலைக்கான விண்ணப்பத்தில் எழுதினால் இன்னும் மோசம். அங்கே வின் த அப்ரூவல் என்றோ இம்ப்ரெஸ் என்றோ எழுதினால் போதும். தன்னைப் பற்றிச் சொல்லும்போது கேலியாக மட்டும்தான் கர்ரி ஃபேவர் வரும். அடுத்தவரைப் பற்றிச் சொன்னால் அது குற்றச்சாட்டு. அலுவலக மின்னஞ்சலில் சக ஊழியரைப் பற்றி எழுதிவிட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

இலக்கணத்தில் பெரிய சிக்கல் இல்லை. யாருடைய தயவை நாடுகிறோமோ அவருக்கு முன்னால் ‘வித்’ வர வேண்டும்: கர்ரி ஃபேவர் வித் த பாஸ். தமிழில் ‘பாஸுக்கு’ ஐஸ் வைக்கிறோம் என்பதால் ‘டு’ போடத் தோன்றும், ‘பாஸிடமிருந்து’ என்று நினைத்தால் ‘ஃப்ரம்’ போடத் தோன்றும். இரண்டும் தவறு. நடுவில் ‘எ’ வராது, ஃபேவருக்குப் பின்னால் எஸ் வராது. ‘டூ மீ எ ஃபேவர்’ என்று உதவி கேட்கும்போது ஃபேவர் என்பது எண்ணக்கூடிய ஓர் உதவி. இங்கே அது தயவு, எண்ண முடியாத சரக்கு. இறந்தகாலம் கர்ரீட், நடந்துகொண்டிருப்பது கர்ரியிங். அமெரிக்கர்கள் ஃபேவரில் யு எழுத்தை விட்டுவிடுவார்கள். கேரி ஃபேவர் என்று எழுதுபவர்களும் நிறையப் பேர். தயவைத் தூக்கிச் சுமப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

இன்னொன்று, இந்த வினைக்கு இந்த அர்த்தத்தில் ஃபேவரைத் தவிர வேறு துணை கிடையாது. கர்ரி லவ், கர்ரி ரெஸ்பெக்ட் என்றெல்லாம் யாரும் எழுதுவதில்லை. ஒரு வினை இப்படி ஒரே ஒரு சொல்லோடு ஒட்டிக்கொண்டு கிடந்தால் அதற்குப் பின்னால் பழைய கதை ஒன்று இருக்கும் என்று சந்தேகப்படலாம்.

குதிரை தேய்ப்பவரின் வினை

தனியாகக் கர்ரி என்ற வினைக்கு இன்றும் ஆங்கில அகராதியில் முதன்மையான பொருள், குதிரையின் உடம்பைச் சீப்பால் தேய்த்துச் சுத்தம் செய்வது. அந்தச் சீப்புக்குக் கர்ரிகோம் என்று பெயர். பழைய காலத்தில் இரும்புப் பல் வரிசைகள் வைத்தது. இப்போது பெரும்பாலும் ரப்பரில், உள்ளங்கை அளவு முட்டை வடிவத்தில், விரல்களுக்கு மேலே ஒரு பட்டையோடு வருகிறது.

வேலை இப்படி நடக்கும். கழுத்தில் ஆரம்பித்துப் பின்பக்கம் நோக்கி, சின்னச் சின்ன வட்டங்களாக அழுத்தித் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். நேராக இழுத்தால் மேல்முடி மட்டும்தான் படியும். வட்டமாகத் தேய்த்தால்தான் அடியில் ஒட்டியிருக்கும் காய்ந்த சேறும், உதிர்ந்த முடியும், பொடுகும் கிளம்பி மேலே வரும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை சீப்பைத் தரையிலோ சுவரிலோ தட்டினால் சாம்பல் நிறத் தூள் கொட்டும். பிறகு கடினமான நார்ப் பிரஷை எடுத்து, முடி போகும் திசையில் வெட்டி வெட்டித் தள்ளி அந்தத் தூளை வெளியேற்ற வேண்டும். கழுத்து, தோள், விலா, பிட்டம் என்று சதை உள்ள இடங்களில்தான் கர்ரிகோம் வேலை செய்யும். முகத்திலும் முழங்காலுக்குக் கீழேயும் எலும்புக்கு மேல் தோல் மட்டுமே இருப்பதால் அங்கே வலிக்கும். மெல்லிய தோல் உள்ள பந்தயக் குதிரைகளிடம் அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் காது பின்னால் மடங்கும், வால் சுழலும். அடுத்தது உதைதான்.

சரியான இடத்தைத் தேய்த்தாலோ நிலைமையே வேறு. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துவிடும், அது அவற்றின் நட்புச் செயல். மனிதன் அதே இடத்தைத் தேய்த்தால் குதிரை கழுத்தை நீட்டும், கண் பாதி மூடும், மேலுதடு நீண்டு துடிக்கும். இன்னும் கொஞ்சம் என்று உடம்பைச் சாய்த்துக் காட்டும். அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தவர்களுக்கு, முகஸ்துதிக்குக் குதிரை தேய்ப்பதை ஏன் உவமை ஆக்கினார்கள் என்று விளக்கத் தேவையில்லை.

இந்த வினை பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. கோன்ரேயெர், கொர்ரேயெர் என்ற வடிவங்களில் அங்கே வழங்கியது. ஒழுங்குபடுத்து, தயார்செய் என்பது பொருள். முன்னால் இருப்பது ‘கூட’ என்று பொருள்தரும் லத்தீன் ஒட்டு. பின்னால் இருப்பது ஜெர்மானிய வேர், ஆங்கில ‘ரெடி’க்குச் சொந்தம். நாம் நாள் முழுக்க ‘ரெடியா, ரெடியா’ என்று கேட்கிறோமே, அந்த ரெடிதான். வரிசைப்படுத்துவதைச் சொல்லும் அர்ரே என்ற ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பம்.

தோல் தொழிலிலும் இந்த வினை உண்டு. பதனிட்ட தோல் காய்ந்தால் பலகை மாதிரி விறைத்துவிடும். அதை நனைத்து, உள்பக்கத்தைக் கத்தியால் சீவி ஒரே கனத்துக்குக் கொண்டுவந்து, ஈரம் இருக்கும்போதே மாட்டுக் கொழுப்பும் மீன் எண்ணெயும் கலந்து பூசி மெதுவாக உலர்த்துவார்கள். தண்ணீர் வெளியேற வெளியேறக் கொழுப்பு அந்த இடத்தைப் பிடிக்கும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் கொழுப்பு மேலேயே நின்றுவிடும், தோல் மடித்தால் வெடிக்கும். இந்த வேலைக்கும் கர்ரியிங் என்றுதான் பெயர். செய்பவர் கர்ரியர். ஆனால் அந்தத் தொழில்பெயர் தோலைக் குறிக்கும் லத்தீன் சொல்லான கோரியத்திலிருந்து வந்தது. ஒலி ஒத்துப்போனதால் குதிரை தேய்க்கும் வினை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இந்தச் சொல்லின் வரலாறு முழுக்கவே இப்படிப் பக்கத்து வீட்டு உறவுகள்தான்.

ஃபோவெல் என்ற குதிரை

சரி, தேய்ப்பது புரிகிறது. தயவை எப்படித் தேய்க்க முடியும்? முடியாது. முதலில் அங்கே தயவு என்ற சொல்லே இருக்கவில்லை. குதிரையின் பெயர்தான் இருந்தது.

பழைய பிரெஞ்சில் ஃபோவ் என்றால் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். அந்த நிறக் குதிரைக்கு ஃபோவெல் என்பது செல்லப் பெயர், நம்மூரில் நிறத்தைப் பார்த்து மாட்டைச் செவலை, மயிலை என்று கூப்பிடுவது போல. இடைக்கால பிரெஞ்சுக் கதைகளில் அந்த நிறக் குதிரை ஏமாற்றுக்கும் பாசாங்குக்கும் அடையாளமாக இருந்தது. ஃபோவெலைத் தேய்ப்பது என்றால் பாசாங்கு செய்வது, பொய்யாகப் புகழ்வது.

அந்தக் குதிரைக்கு முழு உருவம் கொடுத்தது ‘ரோமான் த ஃபோவெல்’ என்ற பிரெஞ்சுக் கவிதை. பிரெஞ்சு அரச அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஜெர்வே து பூ எழுதியது என்று கொள்கிறார்கள். முதல் பகுதி 1310, இரண்டாம் பகுதி 1314. இரண்டும் சேர்ந்து 3,000 அடிகளுக்கு மேல் போகும்.

கதை இதுதான். ஃபோவெலுக்கு லாயம் பிடிக்கவில்லை. அதிர்ஷ்ட தேவதை அதைத் தூக்கி எஜமானின் மாளிகைக்குள் கொண்டுபோய் வைக்கிறாள். உடனே உலகமே அதன் வாசலில் வந்து நிற்கிறது. அரசர்கள், பிரபுக்கள், போப்பாண்டவர், கர்தினால்கள், துறவிகள் எல்லாரும் வந்து அதன் உடம்பைத் தேய்த்துவிடுகிறார்கள், தடவிக் கொடுக்கிறார்கள். தைரியம் ஏறிய குதிரை அதிர்ஷ்ட தேவதையையே பெண் கேட்கிறது. அவள் மறுத்து, வெட்டிப் பெருமை என்ற பெண்ணைக் கட்டி வைக்கிறாள். அவர்களுக்குப் பிறந்த குட்டி ஃபோவெல்கள் பிரான்சு முழுக்கப் பரவி நாட்டைக் கெடுக்கின்றன.

ஃபோவெலின் பெயரிலேயே கவிஞர் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார். அந்த ஆறு எழுத்துகளும் முகஸ்துதி, பேராசை, கயமை, நிலையின்மை, பொறாமை, கோழைத்தனம் ஆகிய ஆறின் பிரெஞ்சுப் பெயர்களுடைய முதலெழுத்துகள். அக்காலத்தில் யு, வி இரண்டையும் ஒரே எழுத்தாகக் கருதியதால் இது சரியாகப் பொருந்தியது. பட்டியலில் முகஸ்துதி முதலில் நிற்பதைக் கவனிக்கலாம்.

எழுதிய காலமும் அப்படிப்பட்டது. பிரெஞ்சு அரசர் நான்காம் பிலிப் ஆண்ட கடைசி ஆண்டுகள். 1307-இல் டெம்ப்ளர் வீரத்துறவிகளை ஒரே நாளில் கைதுசெய்து, பிறகு அந்த அமைப்பையே கலைத்தார்கள். அரசரின் காதில் எப்போதும் ஓதிக்கொண்டிருந்த அமைச்சர் ஆங்கெரான் த மாரிஞி, அரசர் இறந்த சில மாதங்களில், 1315-இல் தூக்கில் தொங்கினார். பிறகு ஏறத்தாழ 1317-இல் இந்தக் கவிதையை 160-க்கும் மேற்பட்ட இசைத் துண்டுகளையும் ஓவியங்களையும் சேர்த்துப் பெரிதாக்கி ஒரு சுவடி தயாரித்தார்கள். பாரிசில் பிரான்சு தேசிய நூலகத்தில் அது இன்றும் இருக்கிறது. இடைக்கால இசையைப் படிப்பவர்கள் அதைத் தாண்டிப் போகவே முடியாது.

ஃபோவெல் ஃபேவர் ஆனது

பிரான்சிலிருந்து வந்த நார்மன்களின் படையெடுப்புக்குப் பிறகு சில நூற்றாண்டுகள் இங்கிலாந்தின் மேல்தட்டு பிரெஞ்சு பேசியது. குதிரையும் அதோடு கடல் தாண்டியது. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லாங்லண்ட் எழுதிய ‘பியர்ஸ் ப்ளௌமன்’ கவிதையில் ஃபேவெல் என்ற பெயரில் ஒரு பாத்திரம் வருகிறது. லஞ்சத்தைக் குறிக்கும் மீட் என்ற பெண்ணுக்குப் பொய்யனோடு கல்யாணம் நிச்சயிக்கும் கூட்டத்தில் அவன் நயமாகப் பேசி ஏமாற்றுபவன். 1400 வாக்கில் ஆங்கிலத்தில் கர்ரி ஃபேவெல் என்ற தொடர் எழுத்தில் கிடைக்கிறது.

அடுத்த நூறு ஆண்டுகளில் பிரெஞ்சுப் பேச்சு தேய்ந்தது. ஃபேவெல் என்பது ஒரு குதிரையின் பெயர் என்று தெரிந்தவர்கள் குறைந்துபோனார்கள். தொடர் மட்டும் நாக்கில் நின்றது. அர்த்தம் தெரியாத சொல் வாயில் மாட்டினால், மக்கள் அதைப் பக்கத்தில் உள்ள தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்வார்கள். சென்னையில் ஹாமில்டன் பாலம் ‘அம்பட்டன் வாராவதி’ ஆகி, அதை ஆங்கிலத்தில் திரும்ப மொழிபெயர்த்துப் பார்பர்ஸ் பிரிட்ஜ் என்றே எழுதிய கதை பழைய சென்னைக்காரர்களுக்குத் தெரியும். ஃபேவெல்லுக்கும் அதே கதி. ஒலியில் பக்கத்தில் ஃபேவர் இருந்தது, கடைசி ஒலியில்தான் முக்கிய வித்தியாசம். பொருளும் கச்சிதமாக உட்கார்ந்தது: புகழ்பவர் தேடுவது தயவைத்தானே. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கர்ரி ஃபேவர் எழுத்தில் வந்துவிட்டது.

ஆனாலும் பழைய வடிவம் உடனே சாகவில்லை. 1589-இல் ஜார்ஜ் புட்டன்ஹாம் ஆங்கிலக் கவிதைக் கலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கிரேக்க அணிகளுக்கெல்லாம் வீட்டுப் பெயர் வைத்துக்கொண்டே போனவர், ஓர் அணிக்கு வைத்த பெயர் கர்ரி-ஃபேவெல். கெட்ட குணத்துக்கு அதன் பக்கத்தில் உள்ள நல்ல குணத்தின் பெயரைச் சூட்டுவதுதான் அந்த அணி. ஊதாரியைத் தாராள மனசுக்காரர் என்பது, முரட்டுத் துணிச்சல்காரனை வீரன் என்பது, கஞ்சனைச் சிக்கனக்காரர் என்பது. முகஸ்துதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான செய்முறை விளக்கம் கிடைப்பது கஷ்டம். இல்லாத குணத்தைச் சொன்னால் கேட்பவரே நம்பமாட்டார். இருக்கும் குணத்தை ஒரு படி தள்ளிச் சொன்னால் நம்பிவிடுவார்.

ஷேக்ஸ்பியரிடம் இன்னொரு சாட்சி இருக்கிறது. 1600-இல் அச்சான நான்காம் ஹென்றி இரண்டாம் பாகத்தில், ஃபால்ஸ்டாஃப் தன் தொழில் ரகசியத்தைத் தனியாகப் பேசிக்கொள்கிறான். கிராமத்து நீதிபதி ஷாலோவிடம் காரியம் ஆக வேண்டுமென்றால் அவருடைய வேலைக்காரர்களைப் பிடித்து, ‘எஜமானுக்கு நீங்கள் எவ்வளவு நெருக்கம்’ என்று குளிர வைப்பானாம். வேலைக்காரர்களிடம் காரியம் என்றால் ஷாலோவிடம் போய், ‘வேலையாட்களை உங்களைப் போலக் கட்டி ஆள யாரால் முடியும்’ என்று கர்ரி செய்வானாம். இங்கே ஃபேவர் என்ற சொல்லே இல்லை, கர்ரி வித் மாஸ்டர் ஷாலோ என்று மட்டும்தான் இருக்கிறது. ஃபேவர் துணைக்கு வராமலேயே அந்த வினைக்குப் புகழ்ந்து தடவும் பொருள் அப்போது இருந்தது என்பதற்கு இது நல்ல ஆதாரம்.

ஒரு சொல்லின் பிறப்பைப் பற்றிக் கதை சொல்வது சுலபம். நம்புவதற்கு ஆதாரம் வேண்டும். கர்ரி ஃபேவர் விஷயத்தில் பழைய வடிவம் எழுத்தில் இருக்கிறது, அது புதிய வடிவத்துக்கு முன்பே வருகிறது, அதே தொடர் தாய்வீடான பிரெஞ்சில் இருக்கிறது, பொருள் இடையில் மாறவேயில்லை. இந்த நான்கும் ஒன்றாக அமைவது அபூர்வம். காக்கா பிடிப்பது என்பது ‘கால் கை பிடிப்பது’ மருவி வந்தது என்று பள்ளியிலேயே சொல்லித் தருகிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ‘கால் கை பிடித்தல்’ படிப்படியாகக் காக்கா ஆனதைக் காட்டும் பழைய எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால்தான் அது கர்ரி ஃபேவெல்லின் வரிசையில் உட்கார முடியும்.

நம்முடைய கறி

சாப்பாட்டுக் கர்ரி தனி ஆள். அது தமிழ்க் கறிதான். சங்க காலத்தில் கறி என்றால் மிளகு. யவனர் கப்பல் முசிறிக்குப் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று அகநானூறு 149-ஆம் பாட்டில் வருவது அந்தக் கறி. பிறகு அது மசாலா சேர்த்த பதார்த்தங்களுக்குப் பெயராகி, மேற்குக் கரையில் போர்த்துக்கீசியர் வாயில் கரில் ஆயிற்று. டச்சுப் பயணி லின்ஸ்கோட்டனின் நூல் 1598-இல் ஆங்கிலத்தில் வந்தபோது, சோற்றில் ஊற்றிக்கொள்ளும் புளிப்பான மீன் குழம்பு கேரியல் என்ற பெயரில் அதில் வந்தது. 1747-இல் ஹன்னா கிளாஸின் சமையல் புத்தகத்தில் இந்திய முறைக் கர்ரிக்குச் செய்முறையே இருக்கிறது. ஆகவே, குதிரை தேய்க்கும் வினை ஆங்கிலத்துக்குள் வந்து ஏறத்தாழ 300 ஆண்டுகள் கழித்துத்தான் நம்முடைய கறி போய்ச் சேர்ந்தது. எழுத்துக்கூட்டல் ஒன்றாகிப் போனது தற்செயல்.

குழப்பத்துக்கு மூன்றாவது ஆளும் உண்டு. இரண்டாம் ரிச்சர்ட் அரசரின் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த நூலுக்கு ‘த ஃபோர்ம் ஆஃப் க்யூரி’ என்று பெயர். க்யூரி என்றால் சமையல் கலை, பிரெஞ்சுச் சமையல் வினையிலிருந்து வந்தது. இதைக் காட்டி, கர்ரி என்பதே ஆங்கிலச் சொல்தான் என்று வாதாடுபவர்கள் இணையத்தில் தட்டுப்படுவார்கள். கிளாஸ் அம்மையார் ‘இந்திய முறையில்’ என்று எழுதியதற்கு அவர்களிடம் பதில் இருக்காது.

எதை எங்கே போடுவது

ஆங்கிலத்தில் பிறரைக் குளிர வைப்பதற்கு ஒரு கூடை நிறைய வினைகள். பொருள் நெருக்கமாக இருப்பதால் மாற்றிப் போட்டுவிடுகிறோம்.

ஃப்ளாட்டர் என்பது வாயால் மட்டும். பழைய பிரெஞ்சில் தடவிக்கொடு என்ற பொருளில் இருந்த சொல்லிலிருந்து வந்தது, எனவே இதுவும் கை வேலையாகத் தொடங்கியதுதான். நேரடியாக ஆளையே செயப்படுபொருளாக எடுக்கும், நடுவில் வித், டு எதுவும் வேண்டாம். ‘ஐ ஆம் ஃப்ளாட்டர்ட்’ என்று அடக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம், தவறில்லை. கர்ரி ஃபேவருக்கு அப்படி ஒரு மரியாதையான பயன்பாடு கிடையாது.

ஃபான் என்பது உடம்பால். நாய் எஜமானைப் பார்த்ததும் வாலையாட்டி, காதைத் தாழ்த்தி, காலைச் சுற்றும் அல்லவா, அதற்கான பழைய ஆங்கில வினை. மகிழ்ச்சி கொள் என்பது அதன் ஆதிப் பொருள். மனிதனுக்குச் சொன்னால் கூழைக்கும்பிடு. ‘ஃபான் ஓவர்’ அல்லது ‘ஃபான் ஆன்’ என்று எழுத வேண்டும். மான்குட்டியைக் குறிக்கும் ஃபானுக்கும் இதற்கும் உறவில்லை. அது பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல்.

இங்க்ரேஷியேட் என்பது படித்தவர்கள் எழுத்தில் கர்ரி ஃபேவருக்குப் பதிலாக வரும். தன்னைத் தானே ஒருவரின் நல்லெண்ணத்துக்குள் நுழைத்துக்கொள்வது என்பதால், ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப் இல்லாமல் வராது. அதை விட்டுவிடுவதுதான் நம்மவர்களின் வழக்கமான பிழை. பின்னால் வித் வரும்.

டோடி என்ற சொல்லின் கதை அருவருப்பானது. 17-ஆம் நூற்றாண்டில் சந்தையில் மருந்து விற்ற போலி வைத்தியர்கள் ஓர் எடுபிடியை வைத்திருப்பார்கள். தேரைக்கு விஷம் உண்டு என்று ஜனங்கள் நம்பிய காலம். எடுபிடி கூட்டத்துக்கு முன்னால் தேரையைத் தின்பான், அல்லது தின்பது போல நடிப்பான். சுருண்டு விழுவான். வைத்தியர் மருந்தைக் கொடுத்ததும் எழுந்து நிற்பான். எஜமானுக்காக எதையும் விழுங்குபவன் என்ற அர்த்தத்தில் தேரை தின்னி என்ற சொல் வந்து, 19-ஆம் நூற்றாண்டில் டோடி என்று சுருங்கியது. பெரும்பாலும் ஆளைக் குறிக்கும். வினையாகப் போட்டால் ‘டு’ சேரும்.

பாண்டரையும் கர்ரி ஃபேவரையும் அரசியல் செய்தியில் மாற்றி எழுதினால் அர்த்தமே புரண்டுவிடும். ஹோமரின் இலியத்தில் பாண்டரஸ் ஒரு வில்லாளி, அவ்வளவுதான். 14-ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கவிஞர் பொக்காச்சியோவும் அவருக்குப் பின் ஆங்கிலக் கவிஞர் சாசரும் அவனை டிராய்லஸுக்கும் கிரெசிடாவுக்கும் நடுவே காதல் தூது போகிறவனாக மாற்றினார்கள். ஷேக்ஸ்பியர் காலத்துக்குள் அவன் பெயர் கூட்டிக்கொடுப்பவனுக்கே பொதுப்பெயர் ஆகிவிட்டது. எனவே பாண்டர் டு என்றால் ஒருவருடைய கீழான ஆசைக்கோ வெறுப்புக்கோ தீனி போடுவது. ஒரு கட்சி விவசாயிகளுக்குக் கடன் தள்ளுபடி அறிவித்து ஓட்டுத் தேடினால், அதன் எதிரிகள் கர்ரி ஃபேவர் என்று எழுதலாம். அதே கட்சி ஒரு கூட்டத்தின் சாதிவெறியைச் சொறிந்துவிட்டால் அதற்குப் பாண்டர்தான் சரி. முன்னதில் தேடுவது தயவு. பின்னதில் கொடுப்பது தீனி. சேனல்களில் ஆங்கிலச் செய்தி எழுதுபவர்கள் இதைக் கவனிக்காமல் பாண்டரை எல்லாவற்றுக்கும் தெளிக்கிறார்கள்.

வழக்கொழிந்த ஒன்றையும் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதன் பாதி இன்னும் நம் நடுவில் உயிரோடு இருக்கிறது. இடைக்கால ஆங்கிலத்தில் முகஸ்துதி செய்வதற்கு ‘பிளசீபோ பாடுவது’ என்று பெயர். லத்தீனில் பிளசீபோ என்றால் நான் மகிழ்விப்பேன். கிறிஸ்தவர்கள் இறந்தவர்களுக்காக நடத்திய மாலை வழிபாடு, லத்தீன் பைபிளின் சங்கீதப் பாடல் ஒன்றில் இருந்த இந்தச் சொல்லோடுதான் தொடங்கும். எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘நடப்பேன்’. கிரேக்கத்தில் அது ‘பிரியமாயிருப்பேன்’ என்றாகி, லத்தீன் கிரேக்கத்தைப் பின்பற்றியது. தமிழ் பைபிளில் 116-ஆம் சங்கீதம் 9-ஆம் வசனத்தைப் புரட்டினால் பழைய ‘நடப்பேன்’ இருக்கும். சாப்பாட்டுக்காகச் செத்த வீட்டில் கூடி, செத்தவரை முன்பின் தெரியாமலே உருக்கமாகப் பாடியவர்களால் அந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்தது. சாசர் தன் கான்டர்பரிக் கதைகளில் அண்ணன் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடும் தம்பிக்குப் பிளசீபோ என்றே பெயர் வைத்தார். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மருத்துவர்கள் இதை எடுத்து, நோயைத் தீர்ப்பதைவிட நோயாளியின் மனசைத் திருப்திப்படுத்தக் கொடுக்கும் மருந்துக்குச் சூட்டினார்கள். மருந்துப் பரிசோதனையில் ஒரு பிரிவினருக்குக் கொடுக்கும் வெறும் மாத்திரைக்கு இன்றைக்கும் அதே பெயர்தான்.